பாய்மரப் படகு கட்டப் போகிறேன் என்று நிற்கும் மகன்

ஐயா, எஸ்.பி.எம். (மலேசியாவில் இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) எழுதப்போகும் மகன் பந்தயப் பாய்மரப் படகு கட்டத்தான் படிப்பேன் என்கிறான், சுங்கை சிப்புட்டில் செம்பனையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான். பந்தயப் படகை மட்டும் நம்பிப் பிழைப்பவர்கள் உலகத்திலேயே குறைவு. ஆனால் அந்தக் கைத்தொழில் படகோடு நின்றுவிடுவதில்லை.

மோத் என்று ஒரு படகு, ஓர் ஆள் ஓட்டுவது. 11 அடி நீளம், உடல் மட்டும் 10 கிலோ அளவுதான். எபாக்சி என்ற, கலந்தால் இறுகிவிடும் பிசினில் ஊறிய கார்பன் ஃபைபர் (கரி இழை) துணியால்தான் அந்த லேசு. துணியை அச்சில் அடுக்கி, பிளாஸ்டிக் உறையால் மூடி, ஓரமெல்லாம் ஒட்டி, பம்ப் வைத்துக் காற்றை இழுப்பார்கள். முழுதாக இழுத்தால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 10 டன் பாரம் அமுக்கும். ஓரத்தில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் 'உஸ்' என்று கேட்கும். காதை வைத்துத் தேடி அடைக்காவிட்டால் உள்ளே குமிழி தங்கி, அந்த இடம் பலமிழக்கும். நம் ஊர் வெக்கையில் எபாக்சி சீக்கிரம் இறுகும். வாளி நிறையக் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே புகைய ஆரம்பித்துவிடும். பொறுமையும் சுத்தமும் உள்ள பையனுக்கான வேலை. உடைந்த மோட்டார் கவரை ஃபைபர்கிளாஸ் வைத்து அவனே ஒட்டினான் என்று எழுதியிருந்தீர்களே, எனக்கு அதுதான் நம்பிக்கை தருகிறது.

மலாக்கா பத்து பெரெண்டாமில் ஏர்பஸ் இறக்கைப் பாகங்களும், கெடா புக்கிட் காயு ஹீத்தாமில் போயிங் பாகங்களும் இதே வகைப் பொருளில்தான் உருவாகின்றன. படகில் பழகிய கைக்கு அங்கேயும் மதிப்புண்டு.

சரி, இப்போது என்ன செய்வது? கணிதத்திலும் இயற்பியலிலும் கிரெடிட் வாங்கட்டும். நம் பேராக்கிலேயே, லூமுட்டில் யுனிகேஎல் மிமெட் என்ற பல்கலைக்கழகக் கிளை இருக்கிறது. கடல்சார் பொறியியலுக்கென்றே உள்ள இடம். பணம் கட்டுமுன் அவனோடு போய்ப் பட்டறையைப் பாருங்கள். மாணவர்களே கையால் துணி அடுக்குகிறார்களா என்று கேளுங்கள். படம் காட்டியே பாடத்தை முடிக்கும் இடம் எதுவானாலும் வேண்டாம்.

அப்புறம் ஒன்று. அவனுக்குத் தோலில் கரப்பான் (எக்ஸிமா), அரிப்பு இருந்ததுண்டா? எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் பெரும்பாலும் விடாது. அப்படி இருந்தால் எனக்கு எழுதுங்கள்; தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டு மனு போடலாம்.