யார் படகில் போவது?

அன்புள்ள அண்ணனுக்கு,

விடுமுறையில் பிள்ளைகளைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனோம். அரிச்சல்முனையில் இறங்கியதும் சின்னவன் கேட்டது, "ஏம்மா இங்க இவ்வளவு குப்பை?" பேசாமல் சுற்றுலாவையே நிறுத்திவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் அங்கே மீன் பொரித்து விற்ற அக்காவை நினைத்தால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, பரமக்குடி

அன்புத் தங்கைக்கு,

நிறுத்த வேண்டாம்.

2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. அதற்கு முன் உள்ளூர்க்காரர்களின் வேன்தான் மணலிலும் சேற்றிலும் தள்ளாடிப் போகும். இப்போது எல்லா வண்டியும் நேரே முனைக்கே போய்விடுகிறது. குப்பை சேரத்தான் செய்யும். ஆனால் குப்பையை அள்ளிவிடலாம். எனக்குப் பயமெல்லாம் அள்ளிச் சரிசெய்ய முடியாததைப் பற்றித்தான்.

மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம் பக்கம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றில் 2 தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வருடக்கணக்காகப் பவளப்பாறையை வெட்டியது அதற்கு முக்கியக் காரணம். அலையின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது பாறைதான். அது போனால் தீவின் மணல் கரையும். மிச்சமிருக்கும் பவளமும் கடல் சூடேறி 2010இலும் 2016இலும் நிறமிழந்து வெளுத்தது. இப்படி நொந்து கிடக்கிற இடத்தில் ஒரே ஒரு படகு நங்கூரத்தைப் போட்டு இழுத்தாலும், உடைவது பல வருட வளர்ச்சி.

பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு இந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடல்பாசி எடுப்பவர்கள். பூங்கா வந்தபின் தீவுப் பக்கம் போனால் தடுக்கிறார்கள். அப்படியும் அவர்களாகவே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் பாசிக்கு இறங்குவது என்று வைத்துக்கொண்டார்கள். எங்கே பாறை, எங்கே மணல், எப்போது நீர் தெளியும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களைத் தள்ளிவைத்துவிட்டு, டிக்கெட் வாங்கிய சுற்றுலாக்காரர்களை மட்டும் படகில் தீவுக்கு ஏற்றிப்போவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. படகு போகட்டும். ஆனால் அதை ஓட்டுவதும், எத்தனை பேர், எந்த மாதம் என்று முடிவுசெய்வதும் அந்தக் கரைக்காரர்களாக இருக்கட்டும்.

நடக்காத காரியம் இல்லை இது. தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். துடுப்புப் பிடிப்பவர்கள் ஊர் மீனவர்கள். அந்த வேரடியில்தான் இறாலும் நண்டும் குஞ்சாக வளர்கின்றன. காடு கெட்டால் தங்கள் வலைக்கும் ஒன்றும் வராது என்பதை அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அடுத்த முறை பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள். தனுஷ்கோடிக்கும் போங்கள், அந்த அக்காவிடம் மீன் வாங்கிச் சாப்பிடுங்கள். பவளத்துண்டை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். தை, மாசியில் போனால் கோதண்டராமர் கோயில் பக்கம் ஆழமில்லாத நீரில் பூநாரைகள் நிற்கும். வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, சின்னவனைத் தூரத்திலிருந்தே பார்க்கச் சொல்லுங்கள்.