சாவி போட்டதும் ‘உய்ங்’ கேட்கிறதா?

கேள்வி: எங்களிடம் 2002 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது. காலையில் முதல் தடவையே கிளம்பிவிடும். மதியம் சந்தைக்குப் போய் வெயிலில் நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து சாவி போட்டால் செல்ஃப் நன்றாகச் சுற்றும். இன்ஜின் மட்டும் பிடிக்காது. நான்கு கதவையும் திறந்துவைத்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். பெட்ரோல் பம்பையே மாற்ற வேண்டும், 9,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள் ஒர்க்‌ஷாப்பில். மாற்றிவிடலாமா?
ஒரு வாசகி, கரூர்

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். கதவைத் திறந்துவைத்தால் சரியாகிறது என்கிறீர்களே, அதுதான். பம்ப் இருப்பது டேங்க்குக்குள், பெட்ரோலில் முங்கியபடி. கதவைத் திறந்தால் அதற்குக் காற்று போகாது. அந்த அரை மணியில் குளிர்வது டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஏதோ ஒன்று. பழைய இன்ஜெக்‌ஷன் கார்கள் பலவற்றில் பம்ப்பின் ரிலே அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

ரிலே ஒரு சின்னக் காந்த ஸ்விட்ச். காரின் கம்ப்யூட்டர் கொடுக்கும் துளிக் கரண்டில் உள்ளே இருக்கும் ‘காயில்’ என்ற கம்பிச் சுருள் காந்தமாகி, பாயிண்ட்டை இழுத்து, பம்ப்புக்கான பெரிய கரண்டைச் சேர்த்துவிடும். சில ரிலேக்களின் உள்ளே குட்டி போர்டு ஒன்று உண்டு. அதில் கால்களைப் பிடித்திருக்கும் ஈயப்பற்று, வருடக்கணக்கான சூட்டிலும் குலுக்கலிலும் முடி அளவுக்கு விரிசல் விடும். சூடேறினால் விரிசல் விலகும், குளிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு பங்குனி வெயிலில் வாடிக்கையாளர் ஒருவரின் காருக்குப் புது பம்ப் மாட்டி, காசும் வாங்கிவிட்டேன். இரண்டாம் நாள் ஒட்டன்சத்திரம் தாண்டி அதே மாதிரி நின்றது. போய் ரிலேயின் மூடியை பிளேடால் நெம்பிப் பார்த்தால், ஒரு காலைச் சுற்றிக் கொலுசு போட்டதுபோல் கருப்பு வளையம். பக்கத்து ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் வைத்துத்தான் ஊர் வந்து சேர்ந்தோம். கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். பம்ப்பைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அடுத்த முறை நின்றால் செல்ஃப் அடிக்காதீர்கள். ஏ.சி. ஃபேனையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். பின்சீட்டுப் பக்கம் ‘உய்ங்’ என்று இரண்டு விநாடி சத்தம் கேட்க வேண்டும். காலையில் நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை கேட்டு, காதைப் பழக்கிக்கொள்ளுங்கள். மதியம் சத்தம் இல்லையென்றால், சாவி ஆனில் இருக்கும்போது இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறதா பாருங்கள். அதுவும் எரியவில்லையென்றால் கம்ப்யூட்டருக்கே கரண்ட் போகவில்லை. மெயின் ரிலேயையும் அதன் ஃப்யூஸையும் பார்க்கச் சொல்லுங்கள்.

விளக்கு எரிகிறது, ‘உய்ங்’ மட்டும் இல்லை என்றால் முதலில் பம்ப் ஃப்யூஸ். அது நன்றாக இருந்தால் ரிலேமீது விரல் வைத்துக்கொண்டு யாரையாவது சாவி போடச் சொல்லுங்கள். ‘டிக்’ என்று துள்ளினால் காயில் வேலை செய்கிறது. பாயிண்ட் கருகியிருக்கலாம், அல்லது அதற்கப்புறம் உள்ள ஒயரோ பம்ப்போ. துள்ளவே இல்லையென்றால் ரிலேமீது என் சந்தேகம் இன்னும் கூடும். டேங்க்கின் அடியில் கையால் தட்டினால் கிளம்புகிறதா? அப்படியானால் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதுதான் சரி, பம்ப்தான்.

புது ரிலே வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப்போய், மேலே இருக்கும் எண்ணைக் காட்டி வாங்குங்கள். கால் நான்கு, பார்க்க ஒரே மாதிரி என்று ஹாரன் ரிலேயைத் தூக்கிக் கொடுப்பார்கள். கால்களுக்குப் போட்டிருக்கும் எண்களில் 85, 86 காயிலுக்கு, 30-ல் பேட்டரி கரண்ட் உள்ளே வரும், 87-ல் பம்ப்புக்குப் போகும் என்பது பொது வழக்கம்தான். ஆனால் 30-ம் 86-ம் இடம் மாறிய ரிலேக்களும் அதே அளவில் வருகின்றன. மாட்டும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். ரிலேயை ஆட்டாமல் நேராக இழுங்கள். அது உட்கார்ந்திருந்த சாக்கெட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் இளகியிருந்தாலோ, உள்ளே இருக்கும் உலோகப் பின் பச்சை பூத்திருந்தாலோ புது ரிலேயும் சீக்கிரம் படுத்துவிடும். ரிலே சில நூறு ரூபாய்தான்; அத்தோடு பம்ப் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்றும் ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். தேய்ந்த பம்ப் அதிகம் இழுத்து ரிலேயைச் சுட்டுவிடும்.

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். “ரிலே எதுக்கு, ஒரு ஒயரைப் போட்டு 30-ஐயும் 87-ஐயும் சேர்த்துவிடுகிறேன்” என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். சோதனைக்கு இரண்டு நிமிடம் போடலாம், நானும் போடுவேன். அப்படியே விடக் கூடாது. வண்டி மோதி இன்ஜின் நின்றால் கம்ப்யூட்டர் ரிலேயை விட்டுவிடும், பம்ப்பும் நிற்கும். ஒயர் போட்டிருந்தால் நிற்காது. உடைந்த குழாய் வழியே பெட்ரோலைச் சூடான இன்ஜின்மேல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: என் 1994 மாருதி 800-ல் பெட்ரோல் பம்ப் ரிலே எங்கே இருக்கிறது? இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேடிவிட்டேன்.
ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மூன்றாவது ஞாயிறு தேடாதீர்கள் தம்பி, உங்கள் வண்டியில் அது கிடையாது. கார்புரேட்டர் வண்டி அல்லவா? இன்ஜினோடு ஒட்டிய பம்ப்பை கேம் ஷாஃப்ட்டே தள்ளுகிறது. கரண்டுக்கு அதில் வேலையில்லை. பெட்ரோல் வரவில்லையென்றால் பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறதா, ரப்பர் டியூப் வெடித்துக் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். டிப்ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாசம் வந்தால் டயாஃப்ரம்தான். ஆயிலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.