மலேரியா பரவும் நாட்டுக்கு இரண்டு வாரம் போகிறேன். கொசுவர்த்திச் சுருள் போதுமா?

போதாது. சுருளை வேண்டுமானால் எடுத்துப் போங்கள், ஆனால் அதை நம்பித் தூங்காதீர்கள்.

வேலை நிமித்தம் இப்படிப்பட்ட நாடுகளுக்குச் சில முறை போய்வந்திருக்கிறேன். முதல் பயணத்தில் கொசுவலைக்குள் படுத்தும் கடி வாங்கினேன். காலையில் பார்த்தால் முழங்கையில் மட்டும் ஏழெட்டுத் தடிப்புகள். தூக்கத்தில் கை வலையோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. கொசு வெளியே உட்கார்ந்தபடியே வலைக்கண் வழியாக வேலையை முடித்துக்கொண்டது. அதன்பிறகு பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தோய்த்த, அகலமான வலையாகப் பார்த்து வாங்கினேன். பொழுது சாய்வதற்கு முன்பே அதன் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிவிடுவேன். படுக்கும்போது உள்ளே டார்ச் அடித்து ஒரு முறை தேடுவேன். ஓட்டை தைக்க ஊசியும் நூலும் எப்போதும் பையில் உண்டு.

மலேரியாவைப் பரப்பும் பெண் அனோபிலிஸ் கொசு அந்தியிலிருந்து விடியல் வரை கடிக்கும். அதற்காகப் பகலில் அசட்டையாக இருக்க முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில்தான் வரும். கொசுவை விரட்டும் டீட் என்ற மருந்து 20 முதல் 50 சதவீதம் உள்ள களிம்பு நல்லது. சன்ஸ்கிரீன் பூசுவதாக இருந்தால் முதலில் அது, அதன்மேல் களிம்பு. கணுக்காலை மறந்துவிடாதீர்கள்.

இனி மலேரியா தடுப்பு மாத்திரை. பெரும்பாலோர் கோட்டை விடுவது இதில்தான். எந்த மாத்திரை என்பதை நீங்கள் போகும் இடத்தையும் உங்கள் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மெஃப்ளோகுவின் என்றால் புறப்பட இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும், ஆகவே கடைசி நேரத்தில் போய் நிற்காதீர்கள். ஊர் திரும்பியதும் நிறுத்திவிடவும் கூடாது. மலேரியாக் கிருமி முதலில் கல்லீரலில் பதுங்கிப் பெருகி, பிறகுதான் இரத்தத்துக்கு வருகிறது. டாக்ஸிசைக்ளின், மெஃப்ளோகுவின் இரண்டும் அது இரத்தத்துக்கு வந்தபின்தான் பிடிக்கும். திரும்பிய பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். அடோவாகுவோன்-புரோகுவானில் என்ற மாத்திரை கிருமியைக் கல்லீரலிலேயே தாக்குவதால் 7 நாள் போதும்.

என் நண்பர் ஒருவர் விமானம் இறங்கிய அன்றே மாத்திரை அட்டையைத் தூக்கி எறிந்தார். மூன்றாம் வாரம் குளிர் காய்ச்சல். சாதாரண ஜுரம் என்று நினைத்து மூன்று நாள் பாராசிட்டமாலில் ஓட்டினார். பயணம் போனதை மருத்துவரிடம் சொல்லவே அவருக்குத் தோன்றவில்லை. சூட்கேஸில் தொங்கிய விமான லக்கேஜ் சீட்டைப் பார்த்து அவர் மனைவிதான் சொன்னார். இரத்தப் பரிசோதனையில் மலேரியா.

மாத்திரையை ஒழுங்காக முடித்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது. வைவாக்ஸ் என்ற வகை மலேரியாக் கிருமி கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து பிறகு எழும். திரும்பி ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால் அன்றே போய், எங்கே போயிருந்தீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அலுத்துக்கொள்ளாமல் கையை நீட்டுங்கள்.