டிக்கியில 12 இன்ச் சப்வூஃபர் இருந்தும் எந்தப் பாட்டுக்கும் டொம் டொம்னு ஒரே இடிதான். பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா?

வேண்டாங்க. எல்லாப் பாட்டுக்கும் பேஸ் ஒரே சுருதியில இடிச்சா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது பெட்டியை. ரெடிமேட் பெட்டிங்க பெரும்பாலும் டிக்கி அளவைப் பார்த்து வெட்டினது, ஸ்பீக்கரைப் பார்த்து இல்லை.

ஸ்பீக்கரோட வந்த தாள்ல எஃப்எஸ் (ஸ்பீக்கர் தானா அதிர்ற சுருதி), கியூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும்ங்கற எண்), விஏஎஸ் (ஸ்பீக்கரோட நெகிழ்வுக்குச் சமமான காத்தளவு)னு மூணு எண் இருக்கும். 28 ஹெர்ட்ஸ், 0.45, 60 லிட்டர்னு வச்சுக்கங்க. மேடு தட்டாம சீரா வர்றதுக்கான எண் 0.707. அதை 0.45ஆல வகுத்து, வர்க்கம் பண்ணி, 1 கழிச்சா 1.47. 60ஐ அதால வகுத்தா 41 லிட்டர். மூடின பெட்டிக்கு அதுதான் அளவு. பெட்டிக்குள்ள ஸ்பீக்கரோட ஒத்ததிர்வு (தானா அதிர்ற சுருதி) 44 ஹெர்ட்ஸ்ல நிக்கும். அதே ஸ்பீக்கரை 15 லிட்டர்ல திணிச்சா உள்ள இருக்கற காத்து இறுகி, 63 ஹெர்ட்ஸுக்கு ஏறிடும். கீழ் பேஸ் சரிஞ்சு, மேல ஒரு மேடு தட்டும். உங்க டொம் டொம் அந்த மேடுதான். ரிச்சர்ட் ஸ்மால் 1972லயே எழுதின கணக்கு இது, இன்னும் கடை வாசப்படி ஏறல.

உள்ளளவு 40 × 36 × 30 சென்டிமீட்டர் வச்சா 43 லிட்டர்; ஸ்பீக்கர் அடைக்கிற ரெண்டு லிட்டர் போக சரியா வரும். பலகை 18 மில்லிமீட்டர். ஏற்காட்டுப் பக்கம் வீடுன்னா எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்தின பலகை) வேண்டாம், பனியில ஓரம் ஊதிக்கும். மரைன் ப்ளை வாங்குங்க. மூட்டெல்லாம் பசை, ஸ்க்ரூ, உள்பக்கம் சிலிகான். 30 ஹெர்ட்ஸ் டோனைச் சின்னதா ஓடவிட்டு, மூட்டோரமா ஊதுபத்தி காட்டுங்க. புகை துள்ளுற இடத்துல ஓட்டை. ஸ்பீக்கரோட சேர்த்து 18 கிலோ வரும், ஆங்கிள் போட்டு போல்ட் பண்ணாம 20 கொண்டை ஊசி வளைவு ஏறாதீங்க.

போர்ட் (பெட்டியில காத்து போய்வர்ற குழாய்) வச்சாதான் அதிரும்னு சண்டைக்கு வருவீங்க. அதிரும்தான். குழாய் நீளம் தப்பினா சுருதி நகர்ந்துடும், அந்தச் சுருதிக்குக் கீழ கோன் (ஸ்பீக்கரோட கூம்பு) பிடிப்பில்லாம ஆடி, அதை அசைக்கிற காயில் அடிவாங்கும். கண்ணாடி ஏத்தின காருக்குள்ள 60 ஹெர்ட்ஸுக்குக் கீழ கேபினே தூக்கிக் கொடுக்கும். மூடின பெட்டிக்கு அது போதும்.

அப்புறம் அந்த "1200 வாட்ஸ்" ஸ்டிக்கர். ஆம்ப்ளிஃபயர்ல 30 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தா, 13.8 வோல்ட்டுக்கு உள்ள போறதே 414 வாட்ஸ். வெளிய 1200 எங்கிருந்து வரும்? ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கற வாட்ஸ், அந்த எண்ணை மட்டும் நம்புங்க.

ஆம்ப்ளிஃபயர்ல இருக்கற கெயின் திருகு வால்யூம் இல்லை, செட்ல இருந்து வர்ற சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தறது. ஸ்பீக்கர் ஒயரைக் கழட்டுங்க, பேஸ் பூஸ்ட் அணைங்க, செட் வால்யூம் முக்கால்ல வச்சு 50 ஹெர்ட்ஸ் டோன் போடுங்க. 2 ஓம் லோடுக்கு 300 வாட்ஸ்னா மல்டிமீட்டர் ஏசியில 24.5 வோல்ட் காட்டினதும் நிறுத்துங்க. அதுக்கு மேல போனா அலை வெட்டுப்பட்டு காயில் கருகும்.

ஒயரை மாட்டி, லோ பாஸை (கீழ் சுருதியை மட்டும் விடுற வடிகட்டி) 80 ஹெர்ட்ஸ்ல வச்சு, ஒரு தடவை ப்ளஸ் மைனஸ் மாத்திப் பாருங்க. டிரைவர் சீட்ல எதுல பேஸ் கூடுதோ அப்படியே விட்டுடுங்க.