வினிகரையும் சோடாவையும் ஒண்ணா கலக்காதீங்க!

கேள்வி: அக்கா, எங்க வீட்ல போர் தண்ணிதான். டைல்ஸ், பைப், பக்கெட் எல்லாம் வெள்ளை வெள்ளையா உப்பு படிஞ்சு கிடக்கு. ஆசிட் ஊத்துனா மூச்சு முட்டுது. வீடியோல பாத்து வினிகரும் ஆப்ப சோடாவும் கலந்து ஊத்துனேன், நுரை என்னமோ நல்லாதான் பொங்குச்சு, கறை அப்படியேதான் இருக்கு. என்ன பண்றது?
– திருப்பூர் வாசகி

பதில்: அந்த நுரைய பாத்துதாம்மா எல்லாரும் ஏமாறுறோம், நானும் ஏமாந்தவதான். வினிகர் புளிப்பு, அதாவது அமிலம், சோடா காரம் (மிளகா காரம் இல்ல, அமிலத்துக்கு எதிரானது), ரெண்டையும் ஒண்ணா ஊத்துனா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு கேஸா பொங்கி அடங்கிடும், கடைசில பக்கெட்ல மிஞ்சுறது எதுக்கும் ஆகாத ஒரு உப்புத்தண்ணி. கறைய கரைக்கணும்னு வாங்குன வினிகர சோடாவே குடிச்சிருச்சு.

உப்புக்கறைன்னு சொல்றோமே தவிர அது சமையல் உப்பு இல்ல. போர் தண்ணில இருக்குற கால்சியம், மெக்னீசியம் படிஞ்சு இறுகுனது, கிட்டத்தட்ட சுண்ணாம்பு. சுண்ணாம்பு கரையணும்னா புளிப்பு வேணும், வெறும் புளிப்பு. அதனால வினிகர தனியா எடுத்து பழைய காட்டன் துணில நனைச்சு பைப்ப சுத்தி கட்டிடுங்க, அரை மணி நேரம் கழிச்சு பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சா உரிஞ்சு வரும். ராத்திரி பூரா விடாதீங்க, பைப்போட பாலிஷ் போயிடும். வினிகர் கட்டுப்படி ஆகலன்னா மளிகைக் கடைல எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கேளுங்க, 1 லிட்டர் வெந்நில 2 ஸ்பூன் போதும். பக்கெட்டுக்கு அதுகூட வேணாம், சாறு பிழிஞ்ச எலுமிச்சை மூடில கல்லுப்ப தொட்டு தேய்ங்க.

ஆனா ஒண்ணு, கடப்பா கல், மார்பிள், மொசைக் தரை இருக்குற எடத்துல இந்த புளிப்பு வேலையே வேணாம், அந்தக் கல்லே சுண்ணாம்பு சாதிதான், கறையோட சேத்து கல்லையும் அரிச்சு மங்க வச்சிடும். அப்புறம் பிளீச்சிங் பவுடர் போட்ட எடத்துல வினிகரோ ஆசிட்டோ ஊத்திடாதீங்க, குளோரின் கேஸ் வரும், அது நிஜமாவே ஆபத்து.

கேள்வி: ரூம் எடுத்து தங்கி நாங்களே சமைக்கிறோம் அக்கா. அடுப்பு மேல, பின்னாடி டைல்ஸ்ல எல்லாம் எண்ணெய் பிசுக்கு, தொட்டா கை ஒட்டுது. செலவில்லாம ஏதாவது?
– சென்னை வாசகர்

பதில்: தம்பி, உங்களுக்குத்தான் சோடா. எண்ணெய்க்கு காரம்தான் சரி, நம்ம பாட்டிங்க அடுப்பு சாம்பல்ல பாத்திரம் தேய்ச்சதும் இதே கணக்குதான், சாம்பல்லயும் காரம் இருக்கு. ஆப்ப சோடாவ கொஞ்சம் வெந்நீர் விட்டு கொழகொழன்னு கொழச்சு பிசுக்கு மேல பூசி கால் மணி நேரம் விட்டு துடைங்க. அலுமினிய பாத்திரத்துல மட்டும் சோடா வேணாம், கருத்துடும். பொறுமை இருந்தா நாட்டு மருந்து கடைல பூந்திக்கொட்டை வாங்கி, 10, 15 காய உடைச்சு உள்ள இருக்குற கொட்டைய எடுத்துட்டு தோல மட்டும் ஒரு ராத்திரி ஊறப்போட்டு காலைல கொதிக்க வச்சு வடிகட்டுங்க, நல்லா நுரைக்கும், பாத்திரத்துக்கும் ஆகும் தரைக்கும் ஆகும். ஆனா 2, 3 நாள்ல புளிச்சு நாத்தம் வரும், வாரத்துக்கும் சேத்து காய்ச்சி வைக்காதீங்க. கண்ணுல பட்டா எரியும் எரியும்னு எரியும்.

கேள்வி: குத்துவிளக்க புளி போட்டு தேய்ச்சாலும் ரெண்டே நாள்ல கருத்துப் போகுது, ஏன்?
– கும்பகோணம் வாசகி

பதில்: புளி மேல தப்பில்ல, ஈரத்தோட விட்டுருப்பீங்க. ரசத்துக்கு கரைச்ச புளி சக்கையே போதும், துளி உப்பு சேத்து தேய்ச்சு, நல்லா அலசி புளிப்பே இல்லாம பண்ணிட்டு, உடனே துணியால துடைச்சு வெயில்ல கொஞ்ச நேரம் காய வைங்க. வெள்ளி விளக்குக்கு புளி வேணாம், பூஜை ரூம்ல இருக்குற விபூதிய காஞ்ச துணில தொட்டு தேய்ங்க, அதுக்கு அதுதான் சரி.