பன்னிரண்டு வாரம் மிச்சம்

அன்புள்ள அக்கா,

கோயமுத்தூரில் ஐ.டி. வேலை. பிரசவத்துக்காகக் கோபிசெட்டிபாளையம் பக்கம் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். பையனுக்கு 70 நாள். 26 வார லீவில் பிரசவத்துக்கு முன்பே 4 வாரம் போய்விட்டது, இனி 12 வாரம்தான். வரும்போது எட்டுப் புத்தகம் கொண்டுவந்தேன், ஆன்லைன் கோர்ஸ் ஒன்றுக்குப் பணமும் கட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. பால் கொடுப்பதும் துணி மாற்றுவதும் தூங்க வைப்பதுமாகப் பொழுது போய்விடுகிறது. ராத்திரி படுத்தால், இன்றைக்கும் எதையும் செய்யவில்லையே என்று அழுகை வருகிறது. இந்த நாட்களை எப்படி உருப்படியாகக் கழிப்பது?

க.

அன்புள்ள க.,

70 நாளாக ஒரு உயிருக்குப் பசியாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அதை "எதையும் செய்யவில்லை" என்று எழுதியிருப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோர்ஸை இப்போதைக்கு மூடி வையுங்கள். புத்தகத்தில் ஒன்றை மட்டும் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் எந்தப் பக்கத்தில் விட்டாலும் பரவாயில்லை என்கிற மாதிரிப் புத்தகமாக.

இந்த வயதுப் பிள்ளை வயிறு நிறைந்து, அழாமல், முழித்துக் கிடப்பது ஒரு தடவைக்கு அரை மணி நேரம் இருக்கும். அந்த அரை மணியைத்தான் பிடிக்க வேண்டும். பிறந்த பிள்ளைக்கு ஒரு சாண், கொஞ்சம் கூடப் போனால் முப்பது சென்டிமீட்டர், அவ்வளவு தூரம்தான் தெளிவாகத் தெரியும். மடியில் பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கிற தூரம் அது. முகம் பார்த்துச் சிரிப்பது ஆறு, எட்டு வாரத்தில் ஆரம்பிக்கும், அதனால் உங்கள் பையன் இப்போதுதான் தொடங்கியிருப்பான். அவன் "ங்கா" என்றால் நீங்களும் "ங்கா" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவசரப்படாமல் காத்திருந்தால் மறுபடி அவன் சொல்வான்.

என் மகள் பிறந்தது 2012 மின்வெட்டுக் காலத்தில். சோமனூர் பக்கம், சுவருக்கு அந்தப்புறம் தறிக்குடோன். வயிற்றில் இருந்தபோதே கேட்டுப் பழகியதாலோ என்னவோ, தறி ஓடினால் சேலைத் தொட்டிலான தூரியில் நிம்மதியாகத் தூங்குவாள். கரண்ட் போய்த் தறி நின்றதும் முழித்துக்கொள்வாள். அந்த அமைதியில் நான் வாய்க்கு வந்ததைப் பேசுவேன், அரிசி விலை, பக்கத்து வீட்டு எருமை, எதுவானாலும். மூன்று மாதத்துக்கு மேல் ஒரு நாள், நான் கதவருகில் நின்று பேசிக்கொண்டிருக்க, சேலை மடிப்புக்குள் இருந்து தலையை மெல்லத் திருப்பி என்னைத் தேடினாள். கரண்ட் வந்து தறிச் சத்தம் எழுந்த பிறகும் கண்ணை எடுக்கவில்லை.

முழித்திருக்கும்போது வீட்டுக் கூடத்தில் பவானி ஜமுக்காளத்தை விரித்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள். மூன்று நிமிடம் போதும். கழுத்து நிற்க அது உதவும். தூங்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், வெயிலுக்கு ஒரு சங்கு தண்ணீர்கூட வேண்டாம்.

பகலில் அவன் தூங்கும் ஒரு தடவையாவது நீங்களும் தூங்குங்கள். சாயங்காலம் பொழுதோட அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாய்க்கால் கரை வரை நடந்துவிட்டு வாருங்கள். ராத்திரி உங்களுக்கு வரும் அந்த அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். பிள்ளை பெற்ற எத்தனையோ பேருக்கு வருவதுதான், மருத்துவத்தில் சரியாகும்.

ஆபீஸ் விஷயம் ஒன்று. ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்த்து வர விட வேண்டும் என்பது சட்டம். லீவு முடியக் காத்திராமல் இப்போதே ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், குளியல். இதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். என் மகளைக் குளிப்பாட்டியது எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்கால் மேல் தலை வருகிற மாதிரிப் போட்டு, எண்ணெய் தேய்த்து ஊற்றுவார். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. அமுச்சி ஊருக்குப் போன மறுநாள் என் காலில் போட்டேன், பிள்ளை வழுக்கிற்று, பயத்தில் இரண்டு பேரும் அழுதோம். மூன்று மாதம் கண் முன்னால் நடந்ததைக் கற்றுக்கொள்ளாமல் விட்டது இன்றைக்கும் எனக்கு மனக்குறைதான். உங்களுக்கு அம்மா பக்கத்திலேயே இருக்கிறார். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதையும், சாம்பிராணிப் புகையை முகத்தருகே காட்டுவதையும் மட்டும் பதமாகச் சொல்லி நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். தண்ணீரை எந்தச் சூட்டில் விளாவுகிறார், கழுத்துக்குக் கீழே எந்த விரலைக் கொடுக்கிறார் என்று நாலு நாள் பாருங்கள். ஐந்தாம் நாள் அம்மா தண்ணீர் காய வைத்ததும், சேலையை வழித்துக்கொண்டு நீங்கள் போய்க் காலை நீட்டி உட்காருங்கள்.