மலையா, மாலையா?

அன்புள்ள ஐயா,

சேலத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு நடத்துகிறோம். ஒருவன் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் கொலுசுப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான், ஒருவன் வங்கியில் இருக்கிறான், மற்ற இருவரும் வேலை தேடிக்கொண்டிருக்கிறோம். சொந்தமாக எழுதிய 7 பாட்டை ஆல்பமாகப் பதிய, போன ஐப்பசியில் ஏற்காட்டில் ஒரு பழைய காபிக் கிடங்கை 8 நாளுக்கு வாடகைக்குப் பிடித்தோம். தகரக் கூரை. டிரம்ஸ், பாஸ், கிட்டார் எல்லாவற்றையும் ஒன்றாக வாசித்தே பதிந்தோம். குரலை மட்டும் பிறகு சேலத்தில் வீட்டில் வைத்துப் பதிந்தோம்.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை மழை விடவே இல்லை. அந்த நாட்களில் பதிந்த மூன்று பாட்டிலும் மழைச் சத்தம் ஏறியிருக்கிறது. சென்னையில் தனித்தனி மைக் ஒலிகளைக் கலந்து மிக்ஸிங் செய்பவர், "இதை இப்படியே வெளியிட முடியாது, டிரம்ஸை ஸ்டூடியோவில் திரும்ப வாசியுங்கள், இல்லாவிட்டால் தயாராகப் பதிந்து வைத்த டிரம்ஸ் சாம்பிள் வைத்து மாற்றித் தருகிறேன்" என்கிறார். 40 ஆயிரம் ஆகுமாம். குழுவில் இரண்டு பேர் அவர் பக்கம். எனக்கு மனசு வரவில்லை. இந்தக் காலத்தில் ஆல்பம் யார் கேட்கிறார்கள், மாதம் ஒரு பாட்டாக விடலாம் என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. மூன்றாவது பாட்டை இணைத்திருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

க.
ஃபேர்லேண்ட்ஸ், சேலம்


அன்புள்ள தம்பி,

பாட்டை நான்கு தடவை கேட்டேன். மழை பிரமாதம். எனக்கு இடித்தது வேறொரு இடம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மிக்ஸிங் செய்கிறவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டிரம்ஸுக்கு எட்டுப் பத்து மைக் வைக்கிறோம். அதில் சிம்பல் என்கிற உலோகத் தட்டுகளுக்காகத் தலைக்கு மேலே தொங்குகிற இரண்டு மைக்கில்தான் மழை அதிகம் விழும். சிம்பலின் 'ஸ்ஸ்' ஓசையும் தகரத்து மழையும் ஒரே இனம், எல்லாச் சுருதியும் கலந்த இரைச்சல். மென்பொருளை வைத்து மழையைச் சுரண்டினால் சிம்பலும் கூடவே பெயர்ந்து வரும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் கதைகள் சிலவற்றை ஒலிநூலாகப் பதிந்தபோது பக்கத்துத் தெரு விசைத்தறிச் சத்தம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பதிந்தவர் ஒரே பொத்தானில் எடுத்துவிடலாம் என்றார். எடுத்தார். தறி போயிற்று, கூடவே என் சகரங்களும் போயின. "சேலம்" என்று நான் வாசித்ததெல்லாம் "ஏலம்" என்று கேட்டது. ஒரு கதை முழுக்க ஏலம் ஜங்ஷனில் நடந்தது.

அதனால் அவர் மழையை எடுக்காமல் டிரம்ஸையே மாற்றச் சொல்கிறார். சரி. ஆனால் நீங்கள் எல்லாரும் ஒரே கிடங்கில் ஒன்றாக வாசித்திருக்கிறீர்கள். கிட்டார் மைக்கிலும் டிரம்ஸ் கசிந்திருக்கும், மழையும் இருக்கும். டிரம்ஸை மாற்றினாலும் பழைய டிரம்ஸ் பின்னால் பேய் மாதிரி நிற்கும். அதையும் ஓட்ட வேண்டுமானால் கிட்டாரையும் திரும்ப வாசிக்க வேண்டும். பல்லவி வருகிற இடத்தில் நால்வரும் சேர்ந்து கொஞ்சம் வேகமெடுக்கிறீர்களே, அது தனித்தனியாக வாசித்தால் வராது. 40 ஆயிரம் அதோடு நிற்கவும் நிற்காது.

உங்கள் கிடங்கைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழு. 'மெஷின் ஹெட்' ஆல்பத்தைப் பதிய 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மாந்த்ரூ ஊருக்குப் போனார்கள். அங்கே கேசினோ அரங்கில் பதிவதாக ஏற்பாடு. டிசம்பர் 4 அன்று ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது கேசினோ தீப்பிடித்து எரிந்துபோயிற்று. வேறொரு அரங்குக்கு மாறினார்கள். ராத்திரியில் ஊருக்கே கேட்கிற சத்தம். போலீஸ் வந்து கதவைத் தட்ட, வாசித்துக்கொண்டிருந்த பாட்டு முடிகிறவரை உதவியாளர்கள் உள்ளேயிருந்து கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் கிடைத்தது குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டல். மே மாதக் கோடை விழாக் கூட்டமெல்லாம் இறங்கிப் போன பிறகு ஏற்காட்டு லாட்ஜ்கள் கிடக்குமே, அந்த மாதிரி. எதிரொலியை அடக்க நடைவழியில் மெத்தைகளை நிறுத்தி வைத்தார்கள். பதிவுக் கருவிகளோ ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் வண்டிக்குள், வெளியே நின்றன. பால்கனி, அறை என்று சுற்றிச் சுற்றி வண்டிக்குப் போய்க் கேட்டுவர வேண்டியிருந்ததால் வாசித்ததைத் திரும்பக் கேட்பதையே பெரும்பாலும் விட்டுவிட்டார்களாம். 1972 மார்ச்சில் ஆல்பம் வந்தது. கேசினோ எரிந்ததே அதில் ஒரு பாட்டு, 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. கிட்டார் வாங்குகிறவன் எவனும் முதலில் வாசித்துப் பார்க்கிற பாட்டு, நீங்களும் வாசித்திருப்பீர்கள்.

அதே 1971-ல் லெட் செப்பலின் என்ற குழு வெளியிட்ட ஆல்பம் ஒன்றில், ஒரு பழைய மாளிகையின் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படியிலிருந்து இரண்டே மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்த பாட்டு இருக்கிறது. அந்தக் கூடம்தான் அந்தப் பாட்டு. உங்களுக்குக் கிடங்கு.

(டிரம்ஸைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு ஏற்காடு ரோட்டில் போயிருப்பீர்கள். வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கவனித்தீர்களா? 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய சினிமா ஸ்டூடியோ. ஸ்டூடியோ போய் வாசல் மட்டும் நிற்கிறது. பாட்டுப் பதிய சென்னைதான் போகணும் என்று யாராவது சொன்னால் அந்த வளைவைக் காட்டுங்கள்.)

மாதம் ஒரு பாட்டு யோசனையும் மழையில் வந்துதான் முட்டுகிறது. மழை விழுந்த பாட்டைத் தனியாக விட்டால் கேட்கிறவன் இயர்போன் கெட்டுப்போயிற்றோ என்று கழற்றிப் பார்ப்பான். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி தாண்டினால்தான் கேட்ட கணக்கில் சேரும், அதற்குள் தாண்டிப் போய்விடுவான். ஆல்பத்தில் முதல் இரண்டு பாட்டு வறண்டு கிடந்து, மூன்றாவதில் தூறல் பிடித்து, ஐந்தாவதோடு விட்டால் அவனுக்கே தெரியும், மழை வந்தது, போயிற்று என்று. மழைப் பாட்டு மூன்றையும் அடுத்தடுத்து வையுங்கள். முக்கியமாக, அவற்றின் நடுவே மௌனம் வைக்க வேண்டாம் என்று ஆல்பத்தைக் கடைசியாகக் கோத்து மாஸ்டரிங் செய்கிறவரிடம் சொல்லுங்கள். பாட்டு முடிந்ததும் மழை வெட்டினாற்போல் நின்று, இரண்டு விநாடி கழித்து மறுபடி கொட்டினால்தான் அது குறையாகத் தெரியும். பிங்க் ஃபிளாய்ட் 1973-ல் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் பாட்டுக்குள் பாட்டாக விட்டுக் கோத்திருப்பதைக் கேளுங்கள். கிடங்கில் வெறும் மழையை மட்டும் ஐந்து நிமிஷம் பதிந்து வைத்திருந்தால் ஒட்டுப்போட உதவும். ஆசைக்கு மழையில்லாத பாட்டு ஒன்றை ஆல்பத்துக்கு முன்னால் தனியாக விட்டுக்கொள்ளுங்கள்.

யார் வரி, யார் மெட்டு என்று இப்போதே தாளில் எழுதி நால்வரும் கையெழுத்துப் போட்டு, பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டி வசூலித்துத் தருகிற ஐ.பி.ஆர்.எஸ் சங்கத்தில் பதிந்துவிடுங்கள்.

இனி இடித்த இடம். உங்கள் மூன்றாவது பாட்டு "மலையில மழை விழுது" என்று தொடங்குகிறது. அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் வரிகளையும் அனுப்பியிருந்தீர்கள். அடுப்படியிலிருந்து கேட்ட என் அக்காவுக்கு அந்த வசதி இல்லை. "யார் கல்யாணத்துப் பாட்டு? மாலை மாலைன்னே பாடறானே" என்றாள்.

'ம' குறில், ஒரு மாத்திரை. அதன் தலையில் ரிஃப்பின், அதாவது திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் துணுக்கின், நீண்ட சுரத்தைத் தூக்கி வைத்து நாலு எண்ணிக்கை நிற்கிறீர்கள். மலை மாலையாகிவிட்டது. அடுத்து வருகிற மழையிலும் அதே இழுப்பு, போதாததற்கு ழகரமும் தேய்ந்து லகரமாகி, இரண்டாவது மாலை. ஆங்கில ராக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம் இது. அங்கே உயிரை இழுத்தால் பெரும்பாலும் சொல் தப்பித்துவிடும். நம்மிடம் கல்லை இழுத்தால் கால், படத்தை இழுத்தால் பாடம், விடு என்பதை இழுத்தால் வீடு. நம் பக்கத்துக் கூத்தில் எங்கே இழுக்கிறார்கள் என்று பாருங்கள், அடியின் கடைசியில். தாலாட்டில் இழுப்பதற்கென்றே ஆராரோ இருக்கிறது.

மெட்டை மாற்ற வேண்டாம். 'ம'வைத் தாளம் விழுவதற்கு முன்னால் தட்டிவிட்டு, 'லை'யில் போய் நில்லுங்கள். பேச்சில் அந்த ஐ குறுகித்தான் ஒலிக்கும், ஆனால் இழுத்தாலும் சொல் கெடாது. மழைக்கும் அப்படியே.

குரல் கரகரவென்று இருப்பதை நான் குறை சொல்லவில்லை. பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்துக்காக 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் 10 பாட்டைப் பதிந்தார்கள். ஜான் லெனனுக்குச் சளி. தொண்டை கிழிந்துவிடும் என்று 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டைக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். கிழிந்த தொண்டை இன்றும் அதில் கேட்கிறது, ஒரு சொல்லும் தவறவில்லை.

குரலை நீங்கள் தனியாக வீட்டில் பதிந்தது நல்லதாயிற்று. ஒரு மைக், ஒரு சாயங்காலம், 40 ஆயிரம் வேண்டாம். ஏழு பாட்டிலும் எந்தெந்தக் குறிலில் நிற்கிறீர்கள் என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். முதலில் மூன்றாவதை மட்டும் திரும்பப் பாடி அனுப்புங்கள். வரிகளை அனுப்ப வேண்டாம். அக்காவுக்குப் போட்டுக்காட்டி, என்ன கேட்டது என்று எழுதுகிறேன்.